முதல் வீட்டுக்கு வந்த வாயு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு தற்செயல். அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்து, அதற்கோர் இயக்குநரை நியமித்து, அவருக்கு ஒரு சுழல் நாற்காலி போட்டதுதான் நாகரிகம். அந்த நாகரிகத்தின் உச்சியில் நின்றது எங்கள் உயிரிவாயு நிலையம். அதன் செய்தித் தொடர்பு அலுவலராக இருந்தவன் நான். உச்சியில் இருந்ததால் காற்று நன்றாக வரும். காற்றோடு என்னவெல்லாம் வரும் என்பதை மூக்குள்ளவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நிலையத்தின் தத்துவம் எளிமையானது. ஊரில் யாருக்கும் வேண்டாத பொருள்கள் இரண்டு இருந்தன. ஒன்று, மட்டமான நிலக்கரி. சுரங்கத்துக்காரர்கள் தோண்டி எடுத்து மலையாகக் குவித்திருந்தார்கள். எரித்தால் சூடு கொஞ்சம், புகை நிறைய என்பதால் வாங்க ஆளில்லை. மற்றொன்று, மாட்டுச் சாணம். சாணம் யாருக்கும் வேண்டாத பொருள் என்று முடிவு செய்தவர்களில் ஒருவரிடமும் மாடு இல்லை.

இந்த இரண்டையும் கலந்தால் எரிவாயு கிடைக்கும் என்று நிரூபித்தவர் எங்கள் நுண்ணுயிர் ஆய்வாளர். நாங்கள் அந்த அம்மாவைப் 'பூச்சி டாக்டர்' என்போம். சாணத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் கரித்தூளையும் சேர்த்துத் தின்று, சாணம் மட்டும் தருவதைவிட அதிகமாக வாயு தருகின்றன என்று ஒரு கண்ணாடி ஜாடியில் செய்துகாட்டினார். ஜாடியின் மூடியில் செருகிய குழாயில் சுண்டுவிரல் நுனியளவு நீலச் சுடர் ஆடியது. அது உண்மையான சுடர். இந்தக் கதையில் நான் பொய் கலக்காமல் பாராட்டப்போவது அந்தச் சுடர் ஒன்றைத்தான்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். "ஜாடியிலயே இவ்வளவு வருதுன்னா தொட்டியில எவ்வளவு வரும்!"

"சார், இதுல சாணி நிறைய, கரி ஒரே ஒரு கரண்டிதான். அதுவும் மாவா அரைச்சுப் போட்டது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டு, அப்புறமா சின்னதா ஒரு பீப்பாய்ல..."

"பெரிய தொட்டியா கட்டிடலாமா?" என்று இயக்குநர் பொறியாளரைக் கேட்டார்.

"ஆகட்டும் சார்" என்றார் பொறியாளர். எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில் அதுதான். அதனால் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'. தொட்டி கட்டியாகிவிட்டது.

இனி சாணம் வேண்டும். நிலையத்தின் மதிலை ஒட்டியிருந்தது மாட்டுக்காரத் தெரு. அதன் முதல் வீடு என் அக்காவுடையது. கொட்டகையில் சில பசுக்கள், காலையும் மாலையும் மிதிவண்டியில் பால் கொண்டுபோய் ஊற்றும் மாமா, பின்சுவர் முழுக்க அக்கா தட்டிக் காயவைத்த வரட்டி. அந்த வரட்டியில்தான் அவள் அடுப்பு எரிந்தது. இந்தப் பரிதாப நிலையிலிருந்து அவளை மீட்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. சொந்தத் தம்பி சொன்னால் கேட்பாள் என்பது இயக்குநரின் கணிப்பு.

"அக்கா, இனிமே சாணியெல்லாம் நிலையத்துக்குக் குடுத்துடணும். பதிலுக்கு உன் அடுப்புக்குக் குழாய் வழியா வாயு வரும். ஆயுசுக்கும் இலவசம்."

"யாரோட ஆயுசுக்கு?"

"உன்னோடதுதான்."

"மொத்தத்தையும் வாரிக் குடுத்துட்டா, வாயு வர்ற வரைக்கும் நான் எதை வச்சு அடுப்பு மூட்டுறது?"

"அதுக்கு இடைக்கால ஏற்பாடு இருக்கு."

"அப்படின்னா?"

அப்படியென்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. அறிக்கையில் அச்சாகியிருந்த சொற்றொடர் அது. அச்சில் வந்ததைச் சந்தேகிக்கும் பழக்கம் எனக்கில்லை, ஏனென்றால் அதை அச்சுக்கு அனுப்பியவனே நான்தான்.

"எனக்கொண்ணும் புரியல. நீ சொல்றியேன்னு போடறேன்" என்று அக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டாள் என்று பக்கத்து வீடு போட்டது. பக்கத்து வீடு போட்டதென்று தெருவே போட்டது. 'மக்கள் பங்கேற்பு' என்னும் மாபெரும் இயக்கம் மதியத்துக்குள் நடந்து முடிந்தது.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் 'சாணி' என்ற சொல் தடை செய்யப்பட்டது. அது 'மூலவளம்' ஆயிற்று. மாடு, 'முதல்நிலை உற்பத்தி அலகு'. மாடு படுத்துவிட்டால், 'அலகு பராமரிப்பில் உள்ளது'.

சில வாரங்களில் அக்கா வீட்டுக்குக் குழாய் வந்தது. குழாயின் முனைக்குப் பளபளவென்று இரட்டை அடுப்பும் வந்தது. தெருவே கூடி நிற்க, இயக்குநர் ரிப்பனை வெட்டி, திருகைத் திருப்பி, தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார். எல்லாரும் கேட்டோம். கொட்டகையில் ஒரு பசு தும்மியது.

"வாயு கண்ணுக்குத் தெரியாது" என்று இயக்குநர் கூட்டத்துக்கு விளக்கினார். "அதுதான் அதோட சிறப்பு."

கைதட்டல் எழுந்தது. அக்கா மட்டும் பர்னர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சூடும் தெரியலையேடா தம்பி?"

அன்றிலிருந்து அந்த அடுப்பின்மேல் பால் தூக்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். 'அடுப்பு தினசரிப் பயன்பாட்டில் உள்ளது' என்று நான் மாதாந்திர அறிக்கையில் எழுதினேன்.

ஆனால் தொட்டியில் வாயு வராமலில்லை. முதலில் கொஞ்சம் வந்தது. அதற்குள் சுரங்கத்துக்காரர்கள், கரி மலை அப்படியே கிடக்கிறதே என்று இயக்குநரிடம் குறைபட்டுக்கொண்டார்கள். அவர் நட்புக்குக் கட்டுப்பட்டவர். கரியைக் கூட்டச் சொன்னார். பூச்சி டாக்டர் வேண்டாம் என்றார். பொறியாளர் ஆகட்டும் என்றார். கரி கூடியது. வாயு நின்றுபோனது. அவசரக் கூட்டம் கூடியது.

"அதுங்க ஏன் வேலை செய்யல?" என்று இயக்குநர் கேட்டார்.

"கரி அதிகமாயிடுச்சு சார். தொட்டி புளிச்சுப்போச்சு. சூடும் பத்தல. அதுங்களுக்கு எப்பவும் வெதுவெதுப்பா இருக்கணும்" என்றார் டாக்டர்.

"எனக்குந்தான் குளுகுளுன்னு இருக்கணும். அதுக்காக நான் வேலை செய்யாம இருக்கேனா? விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அடிங்க."

"யாருக்கு சார்?" என்றேன்.

"அதுங்களுக்குத்தான்."

அடித்தேன். 'தாங்கள் பணியில் காட்டிய தொய்விற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்ற அந்தக் குறிப்பாணை முறைப்படி தொட்டியின் மூடிமேல் ஒட்டப்பட்டது. கெடு முடிந்தும் பதில் வரவில்லை. மறுபடியும் கூட்டம்.

"என்ன திமிர்! ஏன் பதில் தரல?"

"செத்துட்டாங்க சார்" என்றார் டாக்டர்.

கூட்டம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. இயக்குநர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாரிசு யாராவது?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா பிரியற சாதி சார். வாரிசுக்குக் குறைவில்ல. ஆனா அவங்களும் அதே தொட்டியிலதான் இருந்தாங்க."

ஆகவே தொட்டியைக் கழுவி, புதுச் சாணம் ஊற்றி, கருணை அடிப்படையில் புதியவர்கள் நியமிக்கப்பட்டார்கள். கரியின் அளவு மட்டும் குறைக்கப்படவில்லை, நட்பு இருக்கிறதல்லவா! அதற்குப் பதிலாகச் சூட்டைக் கூட்டுவது என்று தீர்மானமாயிற்று. தொட்டிக்கு அடியில் அடுப்பு மூட்ட வேண்டும். எதை எரிப்பது? அந்தக் கரி தானாகப் பற்றிக்கொள்ளாது. பொறியாளர் அன்றுதான் முதன்முறையாக வேறொரு வாக்கியம் பேசினார்.

"வரட்டி நல்லா நின்னு எரியும் சார்."

இப்படியாக, தெருவிலிருந்து வந்த சாணத்தில் ஒரு பாதி வாயு தருவதற்காகத் தொட்டிக்குள் போனது. மறுபாதி, அந்தப் பாதியைச் சூடாக்குவதற்காகத் தொட்டிக்கு அடியில் எரிந்தது. வரட்டி தட்டத் தேர்ந்த கைகள் வேண்டுமென்று தெருப் பெண்களை நிலையத்து முற்றத்துக்கே வரவழைத்தோம். சாணத்தைக் கொடுத்தவர்களுக்கே அதைத் தட்டும் வேலையும் கொடுத்த நிலையம் உலகில் வேறெங்காவது இருக்குமா? விசாரித்துச் சொல்லுங்கள்.

அக்கா முழங்கைவரை சாணத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் புகைப்படம் எடுக்கப் போனேன்.

"இந்தா பாரு, எள்ளுப் புண்ணாக்கு வாசனை" என்று ஓர் உருண்டையை நீட்டினாள். "இது என் செவலையோடது."

"இப்ப அது மூலவளம்க்கா."

"ஆமாண்டா, என் கொட்டாயில இருந்தப்ப சாணி. மதில் தாண்டினதும் மூலவளம். தட்டறவ மட்டும் நான்தானா?"

"நீ இப்ப 'எரிபொருள் உருவாக்குநர்'."

"சரி, உருவாக்கினதுல நாலு எடுத்துட்டுப் போகட்டுமா? நாற்காலிக் காலெல்லாம் உடைச்சு எரிச்சாச்சு. உங்க மாமா பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டு மிதிவண்டி ஏறிப் போறாரு."

"அது நிலையத்துச் சொத்து. எடுத்தா கேட்ல நிறுத்திடுவாங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த உருண்டையைச் சுவரில் ஓங்கி அறைந்தாள். படம் நன்றாக வந்தது. 'ஆர்வத்துடன் பணியாற்றும் பயனாளி' என்று அடியில் எழுதினேன்.

வரட்டி எரிந்ததில் தொட்டி சூடாகி வாயு வந்தது. அந்த வாயு கரி அரைக்கும் இயந்திரத்தை ஓட்டியது, சாணத்தைக் கலக்கும் துடுப்பைச் சுற்றியது, மிச்சம் கூட்ட அறையைக் குளிர்வித்தது. கூட்ட அறையைத் தாண்டி ஒரு மூச்சுக்கூட வெளியே போகவில்லை.

"அப்போ நம்ம உற்பத்தி செய்யற வாயு மொத்தமும் நம்ம நிலையத்துக்கே சரியா இருக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஆகட்டும் சார்."

"இதுக்குப் பேருதான்யா தன்னிறைவு!"

'தன்னிறைவு பெற்ற நிலையம்' என்று வாயிலில் பலகை வைத்தோம். பூச்சி டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விஞ்ஞானிகளுக்கு மகிழ்ச்சியை வெளிக்காட்டத் தெரியாது.

தெருப் பெண்கள் முணுமுணுப்பது இயக்குநரின் காதுக்கு எட்டியது. அவர் கல்நெஞ்சர் அல்ல. ஆளுக்கு ஒரு மூட்டை நிலக்கரி பரிசு என்று அறிவித்தார். கரி மலையும் கரைந்துபோகும், பெண்களும் மகிழ்வார்கள். திட்டத்துக்குப் 'பசுமை ஊக்குவிப்பு' என்று நான் பெயர் வைத்தேன். கரி கறுப்பாக இருந்ததால் பெயராவது பச்சையாக இருக்கட்டும் என்று.

கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்றார். "சார், இது ஈரக் கரி. மூடின வீட்டுக்குள்ள எரிச்சா சரியா எரியாது. விஷ வாயு வரும். அதுக்கு வாசனையே கிடையாது. தலைவலிக்குதேன்னு உக்கார்றவங்க அப்படியே சாய்ஞ்சிடுவாங்க. வெளியிலதான் எரிக்கணும், உள்ள எரிச்சா கதவு சன்னலெல்லாம் திறந்திருக்கணும்னு ஒவ்வொரு மூட்டையிலயும் எழுதி ஒட்டணும்."

"எழுதலாம். ஆனா 'விஷம்'னு போட்டா யார் வாங்குவாங்க? கொஞ்சம் நேர்மறையா எழுதச் சொல்லுங்க" என்று இயக்குநர் என்னைப் பார்த்தார்.

நான் எழுதினேன்: 'திறந்த சன்னல், மலர்ந்த முகம்.' அது ஒப்புதலுக்காக வாசகத் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழுவின் தலைவர் விடுப்பில் இருந்தார். மூட்டைகளுக்கு ஒப்புதல் தேவைப்படவில்லை. அவை உடனே போய்விட்டன. அக்கா வீட்டு மூட்டையை நானே இறக்கி வைத்தேன். ஒப்புதல் பெறாத வாசகத்தை வெளியே சொல்வது நடத்தை விதிக்கு முரண். நான் விதிகளை மதிப்பவன்.

"பரவாயில்லடா, அக்காவை மறக்கல நீ" என்றாள்.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்த ஒரு காலையில் நான் அலுவலகத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது, அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி நனைந்தபடி வாயிலில் நின்று கத்தினாள். "உங்க அக்கா விழுந்து கிடக்கு! ஓடி வாங்க!"

ஓடினேன். எனக்கு முன்னால் பூச்சி டாக்டர் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய மாமா, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் தோளால் இடித்துத் திறந்திருக்கிறார். அக்காவைக் கக்கத்தில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் நனைந்தபடி சுற்றி நிற்க, அவள் மழையில் மல்லாந்து கிடந்தாள். தலை வகிட்டில் தண்ணீர் ஓடியது. முகம், வெயிலில் நின்றவள் முகம்போல் சிவந்திருந்தது. மாமா அவள் பக்கத்தில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பேசவே பேசாத மனிதர். "ஏய், எந்திரி. ஏய், எந்திரி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் உள்ளே பாய்ந்து சன்னல்களை அடித்துத் திறந்தார். நானும் போனேன். மண் அடுப்பில் எங்கள் கரி கங்காகக் கனன்றுகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து கருகியிருந்தது. பக்கத்தில் எங்கள் இரட்டை அடுப்பு பளபளவென்று இருந்தது. இதற்கு அலுவலக நடையில் ஒரு வாக்கியம் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம், உயிர் இருப்பதே அதிசயம் என்றார்கள் மருத்துவமனையில். மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். நாக்குக் குழறியது.

"சாரல் அடிச்சுதுன்னு சன்னலைச் சாத்தினேன். தலை வலிச்சுது. சித்த உக்காரலாம்னு உக்காந்தேன்."

"பேசாம படுக்கா."

"அந்தக் கரி ஆளைச் சாய்க்கும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. முன்னாடியே உங்க ஆபீஸ்ல சொன்னேன்னும் சொல்லி அழுதுச்சு. உனக்குத் தெரியுமாடா?"

"எச்சரிக்கை வாசகம் பரிசீலனையில இருந்துச்சுக்கா."

"எங்க இருந்துச்சு?"

"துணைக்குழுவுல."

"நீ எங்கடா இருந்தே?"

எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயாரித்த கை இது. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா எழுந்துவந்து என் தோளைத் தொட்டு, வெளியே போ என்பதுபோல் கதவைக் காட்டினார்.

மறுநாள் காலையில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மழை விட்டபாடில்லை.

"உங்க அக்காவுக்கு ஏதோ உடம்பு சரியில்லையாமே. எப்படி இருக்காங்க?"

"மூச்சு விடறாங்க சார்."

"சந்தோஷம். இதைக் கேளுங்க. மேலிடத்துல இருந்து குழு வருது. ஒரு வீட்டுக்காவது வாயு போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்கறாங்க. உடனே ஒரு செய்திக் குறிப்பு வேணும். நல்லா உணர்ச்சியா எழுதுங்க."

என் இருக்கைக்குப் போய் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது:

'நமது நிலையத்தின் நிலக்கரியிலிருந்து உண்டான வாயு, மாட்டுக்காரத் தெருவின் முதல் வீட்டுச் சமையலறையை நேற்றுக் காலை முழுமையாக நிரப்பியது. பயனாளியான பெண்மணி வாயடைத்துப் போனார். அவருடைய கணவர் மண்டியிட்டார். செய்தி கேட்டு அக்கம்பக்கத்தார் மழையையும் பொருட்படுத்தாமல் திரண்டனர். அந்தப் பெண்மணியின் நிலையைக் கண்டு மருத்துவர்களே வியந்தனர். இந்த நாளை அக்குடும்பம் ஆயுசுக்கும் மறக்காது.'

என் பணிக்காலத்தில் ஒரு பொய்கூட இல்லாமல் நான் எழுதிய முதல் செய்திக் குறிப்பு அது. படித்தவுடன் இயக்குநர் என் கழுத்தைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கட்டும் என்றுதான் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'மண்டியிட்டார்' என்ற இடத்தில் கண் கலங்கினார்.

"பிரமாதம்யா! 'நிரப்பியது'ங்கறீங்க பாருங்க, அந்த வார்த்தைக்கே தனியா பாராட்டணும். ஒரே ஒரு குறைதான். எதிர்காலத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

பேனாவைத் திறந்தார். என் கடைசி வரிக்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதினார்: 'இதே வாயு மிக விரைவில் தெருவின் மற்ற எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும் என இயக்குநர் உறுதியளித்துள்ளார்.' முத்திரை வைத்து, ஒப்பமிட்டு, ஊதி மையைக் காயவைத்தார்.

வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகச் சன்னலைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை இருந்தது. டாக்டர் இரவெல்லாம் மருத்துவமனையிலேயே இருந்ததால், தெருவுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் இயக்குநர் எத்தனையோ உறுதிமொழிகள் கொடுத்திருக்கிறார். அவற்றில் சொன்னபடி நிறைவேறக்கூடியது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. குடையைக்கூட எடுக்காமல் மாட்டுக்காரத் தெருவை நோக்கி ஓடினேன். அவருடைய வாயு போய்ச் சேர்வதற்குள், அதை நம்பி வேறு யாரும் போய்ச் சேர்வதற்குள், நான் போய்ச் சேர வேண்டியிருந்தது.